சீனிராஜ் யாரைக் கேட்டுத் திருந்தினான்?

சீனிராஜ்கிட்ட குட்டி வாங்கலாமான்னு கேக்கத்தானே வந்திருக்கீங்க? தெரியும் சார். கேட்டைத் திறக்கும்போதே தெரிஞ்சுபோச்சு. மதுரை வண்டி, புருஷன் பொண்டாட்டி, முகத்துல ஒரு சந்தேகம். மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க. "நாய் விஷயமா? செண்பகவல்லி டீச்சரைக் கேட்டுக்கோங்க, அவங்க சரின்னா சரி"ன்னு ஊர்ல யாராவது சொல்லி அனுப்பிடுறாங்க. உக்காருங்க. நீங்களும் உக்காருங்கம்மா. நிமிர்ந்து உக்காருங்க, அந்த நாற்காலி முதுகு கொஞ்சம் ஆடும்.

ஒரு வார்த்தையில பதில் வேணும்னா நீங்க வேற வீட்டுக்குப் போயிருக்கணும். நான் முழுசாச் சொல்லிட்டுத்தான் பதில் சொல்லுவேன். காபி அப்புறம் போடுறேன். இப்ப உள்ள போனா சொல்ல வந்தது விட்டுப்போயிடும்.

நான் முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்துல பி.டி. டீச்சர். ஸ்ரீவில்லிபுத்தூர்ல நடந்து போனீங்கன்னா, பத்து பொம்பளையில நாலு பேரு என்கிட்ட முட்டி போட்டவங்களா இருப்பாங்க. பெருமைக்குச் சொல்லல. ஒரு பிள்ளை மைதானத்துல மயங்கி விழுந்தா. தண்ணியைத் தெளிச்சு எழுப்பி, மிச்சம் இருந்த ரெண்டு ரவுண்டையும் ஓடவிட்டேன். இன்னிக்கு அவ போலீஸ்ல இருக்கா. எதுக்குச் சொல்றேன்னா, நான் விசில் அடிச்சா அறுநூறு பிள்ளைங்க அப்படியே நிக்கும். ஒரு தடவைதான் அடிப்பேன். ரெண்டாவது தடவை அடிக்க வச்சதில்ல யாரும்.

ரிட்டையர் ஆன மறுவாரமே நாய் வாங்கினேன். கல்யாணம் பண்ணிக்கல, கூட ஆள் இல்ல, ஊர்க்கோடியில வீடு. வாங்குறதுதான் வாங்குறோம், நம்ம ஊர்ப் பக்கத்து ராஜபாளையம் நாயே வாங்குவோம், சுத்தமான இனமா வாங்குவோம்னு விசாரிச்சேன். எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க. சீனிராஜ். மலையடிவாரத்துக்குப் போற ரோட்டுல தோப்பு, தோப்புக்குள்ள பண்ணை. வரிசையாக் கூண்டு. சுவத்துல பூராம் கோப்பையும் போட்டோவும். நடுவுல ஒரு பெரிய போட்டோ, சேனாபதின்னு ஒரு கடுவன், ஆண் நாய். அஞ்சு வருஷமா கண்காட்சியில அதுதான் முதல் பரிசு.

"டீச்சர், சேனாபதி ரத்தம் இது. தாயும் பரிசு வாங்கினவ. கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னான். நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். முப்பது நாள் குட்டி. சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ் கலர். "இவ்வளவு சின்னதா எடுக்கலாமா"ன்னு கேட்டேன். "இப்ப எடுத்தாத்தான் டீச்சர் உங்க கையில ஒட்டும்"னான். தாயை வெளிய கூட்டிட்டு வந்து காட்டலை. கூண்டுக்குள்ள படுத்திருந்தா, எலும்பும் தோலுமா. ஒவ்வொரு பருவத்துக்கும் குட்டி, ஒவ்வொரு பருவத்துக்கும் குட்டின்னு அவளை அரைச்சு எடுத்திருக்கான்னு எனக்கு அப்பத் தெரியாது.

நிலான்னு பேர் வச்சேன்.

நல்லா வளந்தா. எட்டு மாசத்துல இடுப்பு உயரம். ஆனா திமிர். அப்படித்தான் நினைச்சேன் சார். "நிலா"ன்னு கூப்பிடுவேன், திரும்ப மாட்டா. விசில் அடிப்பேன், அது பாட்டுக்கு முருங்கை மரத்துல அணிலைப் பாத்துக்கிட்டு நிக்கும். நேர வந்து முன்னாடி நின்னா மட்டும் வாலை ஆட்டும். ஆட்டினா விட்டுடுவேனா? முப்பத்தொரு வருஷம் எத்தனை திமிரைப் பாத்தவ நான். சாப்பாட்டை நிறுத்திப் பாத்தேன். வெயில்ல கட்டிப் போட்டேன். வேப்பங்குச்சியால ரெண்டு போடு போட்டேன். நாய் வளக்குற யாரு போடலை? கெடுக்கவா அடிச்சேன்? பழக்கத்தான் அடிச்சேன்.

தீபாவளிக்கு தெருவே அதிருது. மத்த வீட்டு நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில நடுங்குது. என் நிலா வாசல்ல குறட்டை விட்டுத் தூங்குறா. அப்ப எனக்கு எவ்வளவு பெருமைங்குறீங்க! பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வளத்த வளப்பு"ன்னு சொன்னேன்.

ஒரு தடவை பொறுக்க முடியாம பண்ணைக்கே கூட்டிட்டுப் போனேன். சீனிராஜ் இல்ல. அவன் சம்சாரம் கோமதி கூண்டைக் கழுவிக்கிட்டு இருந்தா. "உங்க குட்டி சொல்பேச்சு கேக்க மாட்டேங்குதே"ன்னு சத்தம் போட்டேன். அவ நிலாவையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் மெதுவா, "அது காதைக் கொஞ்சம் பாருங்க டீச்சர்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் என்ன நினைச்சேன்? உண்ணி, அழுக்கு ஏதாவது இருக்கும்னு நினைச்சேன். ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைச்சேன். இதைச் சொன்னா எல்லாரும், "அப்பவே அந்தப் பொம்பளை சொல்லியிருக்காளே டீச்சர்"ங்குறாங்க. என்ன சொன்னா? காதைப் பாருங்கன்னா. செவிடுன்னு சொன்னாளா? வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாளா? அவளும் உடந்தைதான்.

மாசி மாசம், ஒரு புதன்கிழமை. எதிர் வீட்டுல மாடி எடுத்துக்கிட்டு இருந்தாங்க. செங்கல் லாரி ரிவர்ஸ்ல வருது. நிலா தெருவுல எதையோ மோந்துக்கிட்டு, லாரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறா. நான் இந்தக் கேட்டுக்கிட்ட நிக்கிறேன். விசில் அடிச்சேன். திரும்பலை. மறுபடி அடிச்சேன். திரும்பலை. மூணாவது தடவையும் அடிச்சேன். இருபதடி சார். இங்கேயிருந்து அந்த விளக்குக் கம்பம். அவ்வளவு பக்கத்துல நின்னு மூணு தடவை விசில் அடிச்சும் ஒரு நாய் திரும்பலைன்னா, அதை வித்தவன் எப்பேர்ப்பட்ட அயோக்கியனா இருக்கணும்!

வண்டி நின்னப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட தூக்கிட்டுப் போனேன். எதுக்குப் போனேன்னு இன்னிக்கும் தெரியலை, உயிர் இல்லைன்னு தெரிஞ்சுதானே போனேன். அந்தம்மா பாத்துட்டு, "டீச்சர், இதுக்குக் காது கேட்டுச்சா?"ன்னு கேட்டாங்க. என்ன கேள்வி இதுன்னு நினைச்சேன். வெடிச் சத்தத்துக்கு எப்படி, தூங்கும்போது கூப்பிட்டா எப்படின்னு ஒவ்வொண்ணாக் கேட்டாங்க. சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிப்போச்சு. இப்படி முழு வெள்ளையாப் பிறக்குற சிலதுக்குப் பிறவியிலேயே கேக்காதாம். அந்த மாதிரி நாயை இணை சேர்க்கவே கூடாதாம். அண்ணன் தங்கை, அப்பன் மகள்னு நெருங்கின சொந்தத்துலயே சேத்துக்கிட்டே போனா குறை பெருகிக்கிட்டே போகுமாம். "குட்டிக்கு நாலு வாரம் ஆனதும் பின்னாடி நின்னு ஒரு சத்தம் குடுத்துப் பாத்தாலே ஓரளவு தெரிஞ்சிடும் டீச்சர். வளக்குறவங்களுக்குத் தெரியாம இருக்காது"ன்னாங்க.

தெரியாம இருக்காது. அந்த வார்த்தைதான் சார். அன்னிக்கு உள்ள போச்சு, இன்னிக்கு வரைக்கும் வெளிய வரலை.

மறுநாளே சீனிராஜ்கிட்ட போனேன். அவன் நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தான். நான் சொன்னதைப் பூராம் கேட்டுட்டு, "எந்தக் குட்டி டீச்சர்?"ன்னான். நிலான்னேன். "எங்க பண்ணையில செவிட்டுக் குட்டி பிறந்ததே இல்ல. உங்க வளப்புல ஏதோ கோளாறு. பரவாயில்ல, மனசு கஷ்டப்படாதீங்க, வேற ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. புதுசா ஈத்து போட்டிருக்கு"ன்னான். உடைஞ்ச டம்ளரை மாத்திக் குடுக்குற மாதிரி. என் வளப்புல கோளாறாம்! அந்த இடத்துலயே முடிவு பண்ணேன். இவன் பண்ணையில ஒரு கூண்டு விடாம காலி பண்ணாம நான் ஓய மாட்டேன்னு.

அப்புறம் பங்குனியிலேருந்து ஆவணி வரைக்கும் எனக்கு வேற வேலை கிடையாது. அவன்கிட்ட குட்டி வாங்கினவங்க யாரு யாருன்னு தேடினேன். பழைய மாணவிகள் எதுக்கு இருக்காங்க? ஒருத்தி தாலுகா ஆபீஸ்ல, ஒருத்தி மருந்துக் கடையில, ஒருத்தி தடுப்பூசி போடுற இடத்துல. வீடு வீடா டவுன் பஸ்ல போனேன். கழுத்துல விசில். கதவைத் தட்டி, "உங்க நாய்க்குக் காது கேக்குதான்னு பாக்கணும்"னு சொன்னா யாரு உள்ள விடுவா? என்னை விட்டாங்க. டீச்சர் மொகம் இது. இருபத்துமூணு வீடு. ஏழு நாய் திரும்பலை.

சங்கரன்கோவில்ல ஒரு பெரியவர், இசக்கியப்பன்னு பேரு. ரயில்வே கேட்ல வேலை பாத்தவர். அவர் நாய் பட்டு, அவர் காலையே சுத்திக்கிட்டுக் கிடக்குது. விசில் அடிச்சேன், அசையலை. "ஐயா, உங்களை ஏமாத்திட்டான். இது செவிடு"ன்னேன். மூணு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்துச்சு. அப்புறம் அவர் சிரிச்சாரு. "எனக்கும் கேக்காதேம்மா. நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டே ஓட்டிடுவோம்"னாரு. சீனிராஜ் மேல எழுதின புகார்க் கடுதாசியில கையெழுத்து போடுங்கன்னா, மாட்டேன்னுட்டாரு. இப்படி ஆளுங்க இருக்குறதாலதான் சார் சீனிராஜ் மாதிரி ஆளுங்க பிழைக்கிறாங்க.

சாத்தூர்ல அச்சாபீஸ் வச்சிருந்தவர் அப்படி இல்ல. ரோஷக்காரர். நான் சோதிச்சுக் காட்டினதும் முகம் சிவந்துபோச்சு. உடனே கையெழுத்து போட்டாரு. அடுத்த வாரம் அந்த நாயைக் கொண்டுபோய்க் கண்மாய்க்கரையில விட்டுட்டாராம். அவர் பொண்ணு, எட்டாவது படிக்குது, எனக்கு போன் பண்ணி அழுதா. "நீங்க ஏன் டீச்சர் வந்தீங்க? நாங்க நல்லாத்தானே இருந்தோம்"னா. "உண்மை தெரியணும்லம்மா"ன்னேன். போனை வச்சுட்டா. நான் செஞ்சதுல என்ன தப்பு? குறையை மறைச்சு வித்தவன் ஒருத்தன். கொண்டுபோய் விட்டவர் ஒருத்தர். நடுவுல நான் உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த அலைச்சல்லதான் ஒரு விஷயம் கவனிச்சேன். திரும்பாத ஏழும் சேனாபதி போட்டது. நாலு வீட்டுல தாய் யாருன்னு கேட்டா, அதுவும் சேனாபதி மகள். அப்பனுக்கும் மகளுக்கும் இணை சேர்த்திருக்கான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. அஞ்சு வருஷமா பேப்பர்ல எழுதுறாங்களே, சேனாபதி நெஞ்சுரம், சேனாபதி நிதானம், பக்கத்துல வெடி போட்டாலும் அசையாதுன்னு. ஏன் அசையாது?

ஆவணியில கண்காட்சி. ஊருக்கு வெளிய ஒரு கல்யாண மண்டபத்து மைதானம். பெரிய கூட்டம். வெளியூர்லேருந்து நடுவர் வந்திருந்தாரு, தொப்பி வச்சுக்கிட்டு. சேனாபதி வந்து நின்னான். ஒரு உண்மையைச் சொல்லணும், என்ன உடம்பு சார் அது! நெஞ்சு இப்படி, இடுப்பு அப்படி. நடுவர் மைக்குல சொல்றாரு, "இத்தனை கூட்டத்துலயும் எவ்வளவு அமைதி பாருங்க. இதுதான் உயர்ந்த இனத்தோட அடையாளம்." கூட்டம் கை தட்டுது. சீனிராஜ் கும்பிடுறான்.

நான் சுத்திக் கட்டியிருந்த கயிறைத் தூக்கிட்டு உள்ள போனேன். யாரோ, "அம்மா, அங்க போகக் கூடாது"ன்னாங்க. நான் எத்தனை மைதானத்தைப் பாத்தவ! சேனாபதிக்கு நேர் பின்னாடி, நாலடி தள்ளி நின்னேன். மூச்சை இழுத்தேன். அடிச்சேன் பாருங்க ஒரு விசில், முப்பத்தொரு வருஷத்துல அப்படி அடிச்சதில்ல. மைதானத்துல இருந்த அத்தனை நாயும் துள்ளித் திரும்புது. ஒண்ணு கயிறை அத்துக்கிட்டு ஓடுது. நடுவரே தொப்பியைப் பிடிக்கிறாரு.

சேனாபதி கொட்டாவி விட்டான்.

அப்புறம் நான் சொன்னேன், மைக் இல்லாமலேயே சொன்னேன். "இது அமைதி இல்ல. இதுக்குக் காது கேக்காது. இதோட குட்டிகளும் செவிடு. அதுல ஒண்ணு என் வீட்டு வாசல்ல லாரியில அடிபட்டுச் செத்துச்சு." சீனிராஜ், "பைத்தியம், வெளிய அனுப்புங்க"ன்னு கத்துறான். நடுவர் நல்ல மனுஷன். "நாயைக் கூப்பிடுங்க பாப்போம்"னாரு அவன்கிட்ட. அவன் "சேனாபதி"ன்னான். கூடவே தொடைகிட்ட ரெண்டு விரலை லேசா அசைச்சான். நாய் வந்துச்சு. நடுவர் அதைப் பாத்துட்டாரு. "ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு, நாய்க்குப் பின்னாடி நின்னு கூப்பிடுங்க"ன்னாரு. கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். தொண்டை கிழியக் கூப்பிட்டான். அது வானத்துல போற கொக்கைப் பாத்துக்கிட்டு நிக்குது.

தெரியாம இருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கள்ல? தெரிஞ்சிருக்கு சார்! விரலை அசைச்சு அசைச்சுப் பழக்கி வச்சிருக்கான். தெரிஞ்சே அதை இணைக்கு விட்டிருக்கான். தெரிஞ்சே எனக்கு வித்திருக்கான்.

பரிசைத் திருப்பி வாங்கிட்டாங்க. எல்லார் போன்லயும் அந்த வீடியோ. வாங்கினவங்க எல்லாம் நாயோட பண்ணைக்குப் போய் நின்னாங்க. ஒரு மாசத்துல பண்ணை படுத்துருச்சு. கோயிலுக்குப் போற சாக்குல அந்த ரோட்டுல நாலஞ்சு தடவை போனேன். கூண்டெல்லாம் திறந்து கிடக்கு. வயிறு குளுந்துச்சு சார், மறைக்கலை. விலை போகாத நாலு நாயை அவன் மலையடிவாரத்துல அவுத்து விட்டுட்டான். ஒண்ணை பஸ் அடிச்சுப் போட்டுச்சுன்னு பால்காரர் சொன்னாரு. சொல்லும்போது என் முகத்தையே பாத்தாரு. அவுத்து விட்டவன் அவன். என்னை எதுக்குப் பாக்கணும்?

ஒருநாள் காலையில வாசல்ல ஆட்டோ. கோமதி இறங்குறா. பின்னாடியே சேனாபதி. இந்தா, உங்க காலடியில கிடக்கானே சார், இவன்தான். பயப்படாதீங்க, கடிக்க மாட்டான். பின்னாடியிருந்து தொடாதீங்க, அவ்வளவுதான்.

"இவனையும் அடிவாரத்துல விடச் சொன்னாரு. நான் ஆட்டோவை இங்க திருப்பச் சொல்லிட்டேன்"னா கோமதி.

"என்கிட்ட எதுக்கு?"ன்னேன்.

"இவனுக்குக் கேக்காதுன்னு நீங்கதானே டீச்சர் ஊருக்கே சொன்னீங்க. அப்ப நீங்கதான் வச்சுக்கணும்." கயிறை என் கையில குடுத்தா. போகும்போது திரும்பி, "உக்காருன்னா உள்ளங்கையைக் கீழ காட்டணும். வான்னா ரெண்டு விரல். நல்ல பிள்ளைன்னா நெஞ்சைத் தொடணும். இதுக்குமேல ஒண்ணும் இல்ல"ன்னா.

அவளை நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன். ஆட்டோ போயிருச்சு.

இவன் இங்க வந்த மூணே நாள்ல பழகிட்டான் சார். கையை இப்படிக் காட்டினா உக்காருறான். இப்படின்னா வர்றான். ராத்திரி இருட்டுல விளக்கை ஒரு தடவை அணைச்சுப் போட்டா எங்கிருந்தாலும் ஓடி வர்றான். நான் பள்ளிக்கூடத்துல இப்படி ஒரு பிள்ளையைப் பாத்ததில்ல. மூணே நாள்.

என்னம்மா கேட்டீங்க? நிலா கையைப் பாக்க மாட்டாளான்னா? பாக்காம என்ன. என் கையைத்தான் பாத்துக்கிட்டே இருப்பா. கையைத் தூக்கினாலே அப்படியே குறுகித் தரையோட ஒட்டிக்குவா. அது... அது வேறம்மா. அதைப் பத்திப் பேச வேணாம். சீனிராஜ் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எதுக்கும் அவசியமே வந்திருக்காது. ஒரே ஒரு வார்த்தை. "டீச்சர், இதுக்குக் கேக்காது." சொல்லியிருந்தா நான் வாங்காமலா இருந்திருப்பேன்? வாங்கியிருப்பேன். வாங்கி, கையைக் காட்டி வளத்திருப்பேன்.

சரி, சீனிராஜுக்கு வருவோம். அத்தோட ஒழிஞ்சான்னு இருந்தேன். ஒரு வருஷம் கழிச்சு, பண்ணையில மறுபடி நாய் சத்தம். கோமதி அவளோட பொறுப்புல ஆரம்பிக்க வச்சிருக்கா. "இனிமே மறைக்கிறதா இருந்தா நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்"னு சொல்லிட்டாளாம். எங்கெங்கேயோ அலைஞ்சு சொந்தம் இல்லாத ரெண்டு பெட்டையும் ஒரு கடுவனும் வாங்கியிருக்கான். ஒரு ஈத்து போட்டா அதுக்கு நல்லா ஓய்வு குடுத்துட்டுத்தான் அடுத்தது. குட்டியை ரெண்டு மாசம் தாய்கிட்டயே விடுறான். தாய் தகப்பன் ரெண்டையும் வாங்குறவங்க கண்ணு முன்னாடி நிறுத்துறான். குட்டிக்கு என்ன குறை இருந்தாலும் எழுதிக் குடுக்குறான். கேக்காத குட்டியை விக்கிறதே இல்ல. கருத்தடை ஆபரேஷன் பண்ணி, பாத்துக்கத் தெரிஞ்சவங்களுக்குச் சும்மா குடுக்குறான். எந்த வயசுல வேணாம்னாலும் நாயைத் திருப்பி வாங்கிக்கிறேன்னு சொல்றான்.

ஊரே சொல்லுது, "சீனிராஜ் திருந்திட்டான் டீச்சர், எல்லாம் உங்களாலதான்"னு.

திருந்திட்டானாம்! யாரைக் கேட்டுத் திருந்தினான்? நான் அவனைத் திருந்தச் சொன்னேனா? ஒழிஞ்சு போகணும்னுதானே இருபத்துமூணு வீடு ஏறி இறங்கினேன்? அவன் பாட்டுக்குத் திருந்தி, சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு, நல்ல மனுஷனா நடமாடினா, என் நிலாவுக்கு என்ன கணக்கு?

ஒருநாள் வந்தான். அந்தக் கேட்டுக்கு வெளியவே நின்னான். சேனாபதி ஓடிப்போய் அவன் மேல ஏறுறான், முகத்தை நக்குறான். விவஸ்தை கெட்ட நாய். சீனிராஜ் அழுதான். பாத்துக்கிட்டே நின்னேன்.

"டீச்சர், ஒவ்வொரு ஈத்துக்கும் நீங்க வந்து சோதிச்சுக் கையெழுத்து போட்டுத் தரணும். உங்க கையெழுத்துன்னா ஜனங்க நம்புவாங்க"ன்னான்.

"நிலா ஞாபகம் இருக்கா?"ன்னேன்.

அவன் பொய் சொல்லியிருக்கலாம் சார். இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்? தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "மன்னிச்சிடுங்க டீச்சர். அப்பல்லாம் எத்தனையோ குட்டி. ரொம்ப யோசிச்சுப் பாத்துட்டேன். முகம் ஞாபகத்துக்கு வரலை. இப்ப நோட்டு வச்சிருக்கேன். மாசம் பிறந்தா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி, குட்டியைப் பேர் சொல்லி விசாரிக்கிறேன்"னான்.

பேர் சொல்லி விசாரிக்கிறானாம். அது மனசுல பதிஞ்சுபோச்சு.

சரி வர்றேன்னுட்டேன். ஆமா, போறேன். ஏன் போகக் கூடாது? அவன் எங்கேயாவது சறுக்குறானான்னு பாக்கத்தான் போறேன். இதுவரைக்கும் ஆறு ஈத்து பாத்தாச்சு. ஒவ்வொரு குட்டியாத் தனியா விட்டு, பின்னாடி நின்னு, ஒண்ணுக்கு மூணு தடவை பாக்குறேன். நோட்டைப் புரட்டுறேன். தாய் வயித்தைத் தடவிப் பாக்குறேன். ஒரு தப்பு சிக்கலை சார். ஒண்ணே ஒண்ணு சிக்கினாப் போதும், மறுபடி மைதானத்துல நிறுத்திடுவேன். சிக்கலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

பொறுங்க, பதிலுக்கு வந்துட்டேன். வாங்கலாமா வேண்டாமான்னுதானே கேட்டீங்க?

வாங்குங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல அவன்கிட்டதான் வாங்கணும். வேற எவனும் இப்படிப் பண்றதில்ல. என் வாயால இதைச் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, அதுக்கே அவனை நான் மன்னிக்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு. பேரை நான்தான் வைப்பேன். என்கிட்ட கேட்டுட்டு வாங்குற எல்லாருக்கும் இதுதான் விதி. பதினோரு பேர் ஒத்துக்கிட்டாங்க. அவன் போன் பண்ணி என்ன பேர் வச்சிருக்கீங்கன்னு கேப்பான். நிலான்னு சொல்லணும். அவ்வளவுதான். வேற எதுவும் சொல்ல வேண்டாம், நான் சொன்னேன்னும் சொல்ல வேண்டாம்.

கோமதி போன மாசம் சொன்னா. ஒண்ணாந்தேதி ஆனா மனுஷன் நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு உக்காருறானாம். "நிலா எப்படி இருக்கா? நிலாவுக்கு ஊசி போட்டாச்சா? நிலா நல்லா சாப்பிடுறாளா?" பதினோரு வீடு. பதினோரு தடவை. எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு, நோட்டை மூடாம அப்படியே உக்காந்திருக்கானாம். "அவரைப் பாக்கப் பாவமா இருக்கு டீச்சர், போதும் விட்டுடுங்க"ன்னா.

உக்காந்திருக்கட்டும்.

நீங்க பாத்து வச்சிருக்குறது கடுவன் குட்டியா? இருந்தா என்னம்மா. நிலான்னே வைங்க. போன வாரம் நானே சோதிச்ச குட்டிதான் அது. கூப்பிட்டா திரும்பிப் பாக்கும்.